ஏலத்தில் வந்த தொட்டில்

சாராள் என்று பெயர் வைத்துக்கொண்டு பிள்ளையில்லாமல் இருப்பதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. மற்றப் பெண்களிடம் "கர்த்தர் பாத்துப்பார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காப்பி வரிசைக்குப் போய்விடும் சபையார், இவளிடம் மட்டும் நின்று நிதானமாகப் பேசுவார்கள். "பேரே சாராள்! உனக்குப் போய்ப் பிள்ளை இல்லாமப் போயிடுமா?" என்பார்கள். வேதத்தில் வரும் அந்தப் பெயரின் முதல் சொந்தக்காரிக்குப் பிள்ளை பிறந்தபோது வயது தொண்ணூறு. அதை ஆறுதல் என்று எடுத்துச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை. நம் சாராளுக்கு நாற்பத்தொன்றுதான் ஆகியிருந்தது. அந்தக் கணக்குப்படி இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

அவள் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். கணவன் தனசிங்குக்குத் தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீடு முடிச்சூரில். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அதில் பாதியை ஆஸ்பத்திரி நாற்காலிகளில் கழித்துவிட்டு, ஒருநாள் இருவரும் போதும் என்று எழுந்து வந்து, தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தார்கள். இதைச் சபையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கென்று ஒரு ஜெபக்குழு போட்டுவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் நிறுத்தி "வந்துச்சா?" என்று கேட்பார்கள் என்று பயம். பார்சலுக்குக் காத்திருப்பவளைக் கேட்பது போல அதைக் கேட்டால் தன்னால் தாங்க முடியாது என்று சாராளுக்குத் தெரியும்.

வரிசையில் அவர்களுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் டீ குடித்துவிட்டு செல்போனில் அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பண்டிகைக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் வண்டிகள் நகர்கிற வேகத்தில் அது நகர்ந்துகொண்டிருந்தது. நகரவில்லை என்றும் சொல்ல முடியாது, போய்ச் சேரும் என்று நம்பவும் முடியாது.

சாராளுக்குக் கடவுளோடு சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்பதுதான் உண்மை. ஆஸ்பத்திரிக் காலத்தில் உபவாசம், கண்ணீர், முழங்கால் வலி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி ஜெபம். கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தியதும், "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்பாள். பச்சை விழுவதற்குள் ஜெபம் முடிந்துவிடும். இதை விசுவாசம் என்று சொல்லலாமா சோர்வு என்று சொல்லலாமா என்று அவளுக்கே சந்தேகம்தான். ஆனால் அதைச் சொன்ன பிறகு மனம் லேசாக இருந்தது. அதனால் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை செப்டம்பரில் வரும். அறுப்பதற்கு அங்கே ஒருவருக்கும் வயல் கிடையாது. அந்தப் பக்கம் வயல் வைத்திருந்தவர்கள் வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். அவர்களும் எல்லாவற்றையும் மனை போட்டு விற்று நாளாயிற்று. அதனால் என்ன, பண்டிகை பண்டிகைதான். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய பூசணியும் கரும்பும் வாழைத்தாரும் ஆலயத்தை நிறைக்கும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் பிரியாணி. பிரியாணி முடிந்ததும் ஏலம்.

அந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், "திரும்ப விடுங்க" என்று சொல்லிவிடலாம். உடனே அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். முந்தின வருடம் ஒரே பூசணிக்காயை ஐந்து பேர் வாங்கினார்கள். அது ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. மறுநாள் ஆலயக் காவலாளி சாம்பார் வைத்துச் சாப்பிட்டார். சபைக்கும் வருமானம், கொடுத்தவருக்கும் பேர்.

ஏலம் விடுகிறவன் ஜெஃப்ரி. ஐடி கம்பெனியில் வாரம் முழுக்க ஒருவரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கையில் மைக் வந்தால் ஆளே மாறிவிடுவான். கை தூக்கினால் ஏலம் கேட்டதாக அர்த்தம், பேச்சு மாறக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுவான். அந்த வருடம் சேவலும் கேக்கும் போன பிறகு, இரண்டு பேர் ஒரு மரத் தொட்டிலைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். கால் வைத்த தேக்குத் தொட்டில், பக்கமெல்லாம் கடைசல் வேலை. பெண்கள் ஐக்கியத் தலைவி செல்லம்மா ஆன்ட்டி கொடுத்தது. அவருடைய மூன்று பேரப்பிள்ளைகளும் ஆடிய தொட்டில். பேரப்பிள்ளைகள் இப்போது கனடாவில்.

"பாருங்க, பாருங்க! இந்தக் காலத்துல இப்படித் தேக்கு கிடைக்குமா? யாரு கேக்கறீங்க?" என்றான் ஜெஃப்ரி. யாரோ மரியாதைக்கு ஒரு தொகை சொன்னார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. இளம் ஜோடிகள் எல்லாம் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். இதை வைத்தால் கட்டில் போட இடமிருக்காது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." அந்த நேரம் பார்த்துத் தனசிங்கின் தலைக்கு மேலே ஒரு கொசு வட்டமடித்தது. காலையிலிருந்தே அவனைத் தொல்லை செய்துகொண்டிருந்த கொசு. அவன் கையை உயரத் தூக்கி அதைப் பிடிக்கப் பார்த்தான்.

"தனசிங் அண்ணா! மூணு தரம்!" என்று மேஜையில் தட்டிவிட்டான் ஜெஃப்ரி. தட்டிய பிறகுதான் யாருக்குத் தட்டினோம் என்று அவனுக்கு உறைத்தது.

பிரியாணித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். செல்லம்மா ஆன்ட்டி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தனசிங் இன்னும் கையை இறக்கவில்லை. கொசு தப்பித்துப் போய்விட்டது. ஜெஃப்ரி மைக்கைக் கீழே தாழ்த்தி, வெறும் குரலில், "அண்ணா... திரும்ப விட்டுடலாமா?" என்றான். நல்ல பிள்ளை, கௌரவமாக ஒரு வழி திறந்துவிட்டான். தனசிங்கும் சரி என்று தலையாட்டத்தான் போனான்.

"வேணாம் ஜெஃப்ரி. நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம்" என்றாள் சாராள்.

அத்தனை பேரும் தன்னைப் பாவம் பார்த்த பார்வை பிடிக்காமல் வந்த வீம்பு கொஞ்சம். அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. தன் வீட்டுக்கு ஒரு தொட்டில் வரக்கூடாது என்று இவர்களெல்லாம் எப்படி முடிவு செய்யலாம்? உமக்குத் தெரியும் என்று ஆண்டவரிடம் சொல்லியாயிற்று; அவர் இன்னும் முடிவு சொல்லவில்லையே. எழுந்து போய் அந்தத் தேக்கு மரத்தைத் தொட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

தொட்டிலை ஏற்றிப்போக அடுத்த வீட்டுப் பொன்னுரங்கம் தன் குட்டியானைச் சரக்கு வண்டியோடு வந்தார். முடிச்சூரின் பழைய குடும்பம். இவர்கள் வீடு இருக்கிற மனையில் அவருடைய அப்பா நெல் போட்டிருக்கிறார்.

"இன்னா சார் இது, தொட்லு! நல்ல சேதி எதுனா கீதா? சொல்லவே இல்ல பாரு!"

"அதெல்லாம் இல்லண்ணே. கொசு அடிக்கக் கை தூக்கினேன். தலையில கட்டிட்டாங்க."

பொன்னுரங்கம் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் தொட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சாராளைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். "வூட்டாண்ட வந்துகினு கீதுல்ல, கெடக்கட்டும் சார்" என்றார்.

தொட்டில் முன்னறையில் ஜன்னலோரம் கிடந்தது. அந்த மழைக்காலத்தில் அதற்கு ஒரு வேலையும் வந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூரில், மழை பிடித்துவிட்டால் ஒருவரும் தரையில் எதையும் வைப்பதில்லை. பிரிட்ஜுக்குக் கீழே செங்கல், பீரோவின் அடித்தட்டு காலி. தொட்டிலுக்கு நல்ல உயரமான கால்கள். எனவே அதில் அரிசி மூட்டை தூங்கியது. பக்கத்தில் சாராள் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு தூங்கியது. "சத்தம் போடாத, அரிசி எழுந்துக்கும்" என்பான் தனசிங். இருவரும் சிரிப்பார்கள். பிள்ளையில்லாத வீட்டில் சிரிப்பே இருக்காது என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

ஆனால் சாராள் மனதுக்குள் அந்தத் தொட்டில் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. "தொட்டிலை அனுப்பினவர் பிள்ளையை அனுப்ப மாட்டாரா?" என்று சபையில் இப்போது புதுப்பாட்டு ஆரம்பமாகியிருந்தது. முதலில் எரிச்சல்பட்ட சாராளும் மெள்ள மெள்ள அதை நம்ப ஆரம்பித்தாள். தனசிங்கின் பழைய வேட்டியைக் கிழித்துப் பஞ்சு வைத்து ஒரு சின்ன மெத்தை தைத்தாள். தொட்டிலை அளந்து, அதற்குச் சரியாகத் தைத்தாள். இப்போது அவள் சிக்னலில் நின்று, உமக்குத் தெரியும் என்று சொல்லும்போது, எனக்கும் தெரியும் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. கைக்குழந்தை. இவ்வளவு நீளம். இந்த மெத்தைக்குச் சரியாக இருக்கும்.

அடுத்த மழைக்காலமும் வந்தது. எண் நகர்ந்திருந்தது, ஆனால் இவர்கள் வரைக்கும் வரவில்லை. விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஜெரூஷா என்ற சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசுப் பெண். மழையில் நனைந்து வந்தவளுக்குச் சாராள் துண்டும் காப்பியும் கொடுத்தாள். ஜெரூஷா காப்பியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கைக்குழந்தைக்கு வரிசை ரொம்பப் பெருசு. உங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டி வேற பாப்பாங்க. ஆனா கொஞ்சம் பெரிய பிள்ளைங்க இருக்காங்க. நாலு வயசு, அஞ்சு வயசு. அவங்களைக் கேட்டு அதிகமா யாரும் வர்றதில்ல. நீங்க யோசிச்சுப் பாக்கலாம்." சொல்லி முடிக்கும்போது அவள் கண் தொட்டிலின் மேல் விழுந்தது. சட்டென்று கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

ஜெரூஷா போன பிறகு சாராள் தொட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏலத்தன்று வராத அழுகை அப்போது வந்தது.

"அப்போ இது எதுக்குங்க வந்துச்சு? அளவு தப்பா வந்திருக்கே. கர்த்தர் அளவு தப்பாச் சொல்வாரா?"

தனசிங் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் வருத்தத்தில்தான் இருந்தான். ஆனால் அவனுக்கு வருத்தத்தில் வாய் சும்மா இருக்காது. "அன்னிக்கு என்னைக் கை தூக்க வெச்சது கர்த்தர்னு உனக்கு யார் சொன்னது சாரா? கொசு."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அப்படிச் சிரித்ததற்காக அவன் மேல் கோபமும் வந்தது.

"நாம பிள்ளை கேட்டோம்" என்றான் அவன். "தொட்டில் கேக்கவே இல்லையே."

சாராள் தொட்டிலில் இருந்த அரிசி மூட்டையை ஒரு பக்கமாகத் தள்ளி, மெத்தையை வெளியே எடுத்து மடித்து வைத்தாள். அதற்கப்புறம் பல நாள் இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தனசிங்கும் கேட்கவில்லை. அவளை அவசரப்படுத்தக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் காலை கேம்ப் ரோடு சிக்னலில் வழக்கம்போல, "உமக்குத் தெரியும்" என்று தொடங்கினாள். பக்கத்தில் ஒரு ஸ்கூல் வேன் நின்றது. ஜன்னலோரம் ஒரு சின்னப் பெண் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, பச்சை எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாராளுக்கு அப்போதுதான் அது தோன்றியது. இத்தனை வருடம் தான் மட்டும்தான் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒரு பிள்ளையும் காத்துக்கொண்டிருக்கிறதே. காத்துக் காத்து அது தொட்டிலைத் தாண்டி வளர்ந்தே விட்டதே. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாகியிருந்ததோ. ஸ்கூட்டியை ஓரம் கட்டி ஜெரூஷாவுக்குப் போன் செய்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அன்றைக்கு முதல் பீரியடுக்குத் தாமதம்.

அதற்குப் பிறகு அழைப்பு வர நெடுநாள் ஆகவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் ஓர் இல்லத்துக்கு வரச் சொன்னார்கள். பிள்ளையின் பெயர் மிருதுளா, ஐந்து வயது. இரட்டை ஜடை போட்டு, பவுடர் பூசி, நாற்காலியின் நுனியில் உட்கார வைத்திருந்தார்கள். சாராள் உள்ளே போனதும் பிள்ளை எழுந்து நின்று, தெளிவாக, "வணக்கம் அம்மா" என்றது.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினைந்து வருடம் காத்திருந்தவள் சாராள். அடுத்த நிமிடமே டீ கொண்டுவந்த பெண்ணிடமும் மிருதுளா, "தேங்க்ஸ் அம்மா" என்றது. வாசல் பெருக்குகிறவர் அம்மா, ஆபீஸில் இருந்தவர் அம்மா, எழுத்து வேலை முடிந்து பிள்ளையோடு காரில் வீட்டுக்கு வரும் வழியில் டோல்கேட்டில் சீட்டு கொடுத்த பெண்ணும் அம்மா. இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். தனசிங் ஓரக்கண்ணால் சாராளைப் பார்த்தான். "என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அவள்.

மிருதுளாவைப் போல நல்ல பிள்ளையை முடிச்சூர் கண்டதில்லை. பிஸ்கட் வேண்டுமென்றால், "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கும். தண்ணீர் குடிக்க, ஜன்னல் வழியாகப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அனுமதி. வாங்கிக் கொடுத்த பொம்மைகளோடு விளையாடிவிட்டு, "இதை எங்க திருப்பி வைக்கணும்?" என்று கேட்டது. இல்லத்திலிருந்து கொண்டுவந்த துணிப்பையைப் பிரிக்க விடவில்லை. மடித்த கவுனோடு அது கதவோரமே இருந்தது. அழுகை இல்லை, அடம் இல்லை, இது வேண்டும் என்பதும் இல்லை. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். சாராளுக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளோடு மாரடித்தவள் அவள். வகுப்பில் இப்படிச் சத்தமே போடாத பிள்ளையைத்தான் டீச்சர் முதலில் கவனிக்க வேண்டும் என்று தெரியாதா?

பிள்ளை வந்துவிட்டது, காத்திருப்பு மட்டும் முடியவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் அதே ஜெபம்தான். இப்போது பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாராளின் பள்ளியிலேயே எல்.கே.ஜி. படிக்கிற ஓர் ஆள். இடுப்பைப் பிடிக்கவும், "பிடிச்சுக்கட்டுமா?" என்று அனுமதி வாங்கிய ஆள். ஆனாலும் சாராளுக்குப் பழைய பதற்றம் இல்லை. பின்னால் ஒரு சின்னக் கை இருக்கும்போது காத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பிள்ளை ஒட்டும்போது ஒட்டட்டும் என்று இருந்தாள்.

ஞானஸ்நானப் பேச்சு வந்தபோது செல்லம்மா ஆன்ட்டி, "ஒரு வேதப்பேரா வெச்சிடலாமேம்மா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேதப்பேர் வெச்சுக்கிட்டு நான் பட்டது போதும் ஆன்ட்டி. மிருதுளாவே இருக்கட்டும்" என்றாள் சாராள். ஆன்ட்டி ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, பிறகு சாராளின் கையைப் பிடித்து அழுத்தினார்.

தொட்டிலை மிருதுளா முதல் நாளே பார்த்துவிட்டது. "இது எந்தப் பாப்பாவோடது?" என்று கேட்டது.

"எந்தப் பாப்பாவோடதும் இல்ல. உனக்குன்னு வந்தது. அது வந்து காத்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்குள்ள நீ வளந்துட்ட" என்றாள் சாராள். அன்று சாயங்காலம், "படுக்க வெக்கட்டுமா?" என்று கேட்டு, தன் துணி யானையை அதில் படுக்க வைத்தது. மடித்து வைத்திருந்த மெத்தையைச் சாராள் எடுத்துக் கொடுத்தாள். யானைக்கு அது சரியாக இருந்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் யானைக்குத் தாலாட்டு நடந்தது.

அடுத்த செப்டம்பர் வந்தது. "தொட்டில் சும்மாதானே கெடக்கு? பண்டிகைக்குக் குடுத்தா வேற யாருக்காவது ஆகுமே" என்றார் செல்லம்மா ஆன்ட்டி. சாராளுக்கும் அது நியாயமாகப் பட்டது. தன்னைப் போல இன்னொருத்தி எங்காவது உட்கார்ந்திருப்பாள். "மிருது, தொட்டிலைச் சர்ச்சுக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்டாள். "சரிம்மா" என்றது பிள்ளை. எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற பிள்ளையிடம் கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று திருப்திப்பட்டுக்கொண்டாளே, அந்த இடத்தில் நம் டீச்சர் கோட்டை விட்டாள்.

பந்தல், பிரியாணி, மைக்கோடு ஜெஃப்ரி, எல்லாம் அதேபோல. தொட்டிலை மேடையில் வைத்ததும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "இது ராசியான தொட்டில்ங்க! தனசிங் அண்ணா வீட்டுல போய்க் கேட்டுப் பாருங்க!" என்று ஜெஃப்ரி ஏற்றிவிட, இந்தத் தடவை நன்றாகவே ஏலம் ஏறியது. ஊரப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு புது ஜோடி கேட்டார்கள், இன்னும் சிலர் கேட்டார்கள். மிருதுளா சாராளுக்கும் தனசிங்குக்கும் நடுவே உட்கார்ந்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் துணி யானை.

"ஒரு தரம்..."

மிருதுளா கையைத் தூக்கியது. வகுப்பில் பேச அனுமதி கேட்கிற மாதிரி, ஒரு விரலை மட்டும் நீட்டி. சாராள் அதைக் கவனிக்கவில்லை. ஜெஃப்ரியும் கவனிக்கவில்லை.

"ரெண்டு தரம்..."

பிள்ளை எழுந்து நாற்காலி மேல் ஏறி நின்றது. இரண்டு கையையும் தூக்கியது. பிறகு, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருவரும் கேட்டிராத குரலில் கத்தியது.

"அது என்னோடது! குடுக்க மாட்டேன்! அது என்னோடது!"

கத்திவிட்டு, தான் செய்ததில் தானே பயந்துபோய், ஓவென்று அழ ஆரம்பித்தது. மூக்கு ஒழுக, முகம் சிவக்க, காலை உதைத்துக்கொண்டு, பந்தலே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அடம். "அம்மா, வேணாம்னு சொல்லும்மா! அம்மா!" என்று சாராளின் தோளைப் பிடித்து உலுக்கியது. அங்கே எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். அது ஒருத்தியைத்தான் உலுக்கியது.

சாராள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பிள்ளையை இடுப்பில் தூக்குவது சுலபமில்லை, ஆனாலும் தூக்கினாள். ஒருவழியாக அடம் பிடித்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். "உன்னோடதுதான்டி செல்லம், உன்னோடதுதான். யாருக்கும் குடுக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். செல்லம்மா ஆன்ட்டி எழுந்து, "டேய் ஜெஃப்ரி, என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று அதட்டினார். தனசிங் கையை நன்றாக உயர்த்திக் காட்டினான். ஊரப்பாக்கத்து ஜோடி கையை இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தரம்!" என்றான் ஜெஃப்ரி.

சாயங்காலம் பொன்னுரங்கம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் அவர்தான் தொட்டிலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். இப்போது அதையே திரும்ப ஏற்றுவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், மறுபடியும் கொசுவா?"

தனசிங் வாயைத் திறப்பதற்குள், தொட்டிலுக்குள் யானையைப் படுக்க வைத்துக்கொண்டிருந்த மிருதுளா நிமிர்ந்து பார்த்தது. கன்னத்தில் அழுத கோடு இன்னும் காயவில்லை.

"கொசு இல்ல" என்றது. "நான்தான் கை தூக்கினேன்."